எண்ணெய்ப் பீப்பாயும் வேட அணியும்: போர்ட் ஆஃப் ஸ்பெயின் பேட்டைகளின் கார்னிவல்

கரீபியன் தீவான டிரினிடாட்டில், கிறிஸ்தவத் தவக்காலத்துக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் நடக்கும் தெருவிழாவான கார்னிவலைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகள் மூன்று. எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து சுரம் எழுப்பும் ஸ்டீல்பான் என்ற வாத்தியம் எப்படிப் பிறந்தது? அந்த வாத்தியக் குழுக்களுக்கும் வேடங்கட்டி ஆடுவோருக்கும் என்ன உறவு? ஒரு காலத்தில் ஒன்றாகத் தெருவில் போன இரண்டும் இன்று பெரும்பாலும் தனித்தனியே நடப்பது ஏன்? இம்மூன்றுக்கும் விடை தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினின் கிழக்கு ஓரத்தில், வறண்ட ஆற்றுக்கு அப்பாலிருக்கும் லாவன்டில் குன்றிலும் அதன் அடிவாரத்துத் தெருக்களிலும், மேற்கே நியூடவுன், வுட்புரூக், செயின்ட் ஜேம்ஸ் பேட்டைகளிலும் கிடைக்கிறது. ஸ்டீல்பானைத் தனி மேதை ஒருவரின் கண்டுபிடிப்பாகச் சொல்லும் கதைகள் பல உண்டு. என் மதிப்பீட்டில் அது பேட்டைக்குப் பேட்டை இருந்த போட்டியின் விளைவு; வேடக் கலையும் அதே மண்ணில், அதே மனிதர்களால் வளர்ந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த டிரினிடாட் தீவுக்கு, 1783இல் வெளியிடப்பட்ட குடியேற்ற ஆணைக்குப் பிறகு, பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்கத் தோட்ட முதலாளிகள் தங்கள் ஆப்பிரிக்க அடிமைகளோடு பெருமளவில் வந்தார்கள். 1797இல் தீவு பிரிட்டிஷார் கைக்குப் போன பின்பும் அவர்களுடைய பழக்கவழக்கங்கள் மாறவில்லை. கிறிஸ்துமஸுக்கும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கும் இடைப்பட்ட வாரங்களில் முதலாளிகள் முகமூடி அணிந்து விருந்தும் நடனமும் நடத்தினார்கள். தங்கள் தோட்டத்து அடிமைகளைப் போல வேடமிட்டு ஆடுவதும் அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்காக இருந்தது. கரும்புத் தோட்டத்தில் தீப்பிடித்தால் அடிமைகளைச் சாட்டையால் விரட்டி, தீவட்டி கொடுத்து, இரவோடு இரவாகக் கரும்பை வெட்ட வைப்பார்கள். அடிமை முறை 1834இல் சட்டப்படி முடிந்து, பயிற்சிக்காலம் என்ற பெயரில் நீடித்த கட்டாய உழைப்பும் 1838இல் ஒழிந்தபின், விடுதலை பெற்ற மக்கள் அந்த இரவையே தங்கள் விழாவாக நடித்துக் காட்டத் தொடங்கினார்கள். தீவட்டி, பறை, கம்பு, பாட்டு ஆகியவற்றோடு நள்ளிரவில் கிளம்பிய அந்த ஊர்வலத்துக்குக் கான்பூலே என்று பெயர். முதலாளிகள் அடிமை வேடமிட்டு ஆடிய கேலியை விடுதலை பெற்றவர்கள் எடுத்து, முதலாளியம்மாவின் பகட்டான உடையையும் பெருத்த மார்பையும் நடித்துக் காட்டும் வேடமாகத் திருப்பிப் போட்டார்கள். டேம் லொரெய்ன் என்ற அந்த வேடம் இன்றும் கட்டப்படுகிறது.

நகரத்துக்கு வந்து சேர்ந்த ஏழைகள் வரிசை வீடுகளில், ஒரே முற்றத்தைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தார்கள். சமைப்பதும் துவைப்பதும் சண்டையிடுவதும் பாடுவதும் அந்த முற்றத்தில்தான். ஒவ்வொரு முற்றத்துக்கும் ஒரு கம்புச் சண்டைக் குழுவும் அதற்கென ஒரு பாட்டுக்காரரும் இருந்தார்கள். கார்னிவல் நாட்களில் ஒரு தெருவின் குழு இன்னொரு தெருவின் குழுவைச் சந்தித்தால் கம்புகள் மோதும். மேல்தட்டினருக்கு இது அருவருப்பாகவும் அச்சமாகவும் இருந்தது. காவல்துறைத் தலைவர் கேப்டன் பேக்கர் 1880இல் தீவட்டிகளையும் பறைகளையும் பறித்தபோது எதிர்ப்பு எழவில்லை. 1881இல் மறுபடியும் வந்தபோது, அதுவரை ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்த குழுக்கள் ஒன்று சேர்ந்து காவலர்களை எதிர்த்து நின்றன. ஆளுநர் ஃப்ரீலிங் நேரில் வந்து மக்களிடம் பேசி, காவலர்களைப் பாசறைக்குள் நிறுத்திய பிறகே நகரம் அமைதியடைந்தது. கார்னிவல் வெள்ளிக்கிழமை விடியும் முன், பிக்காடிலி தெருப் பக்கத்துத் திடலில் இந்த மோதலை இன்றும் நாடகமாக நடித்துக் காட்டுகிறார்கள். கார்னிவலைக் கேளிக்கை என்று மட்டும் நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஆனால் அந்த வெற்றி நீடிக்கவில்லை. 1884இல் வந்த அமைதிப் பாதுகாப்புச் சட்டம் தீவட்டி ஊர்வலத்தையும், பறையடித்துக் கூடுவதையும், பத்துப் பேருக்கு மேல் கம்போடு திரள்வதையும் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில், தெற்கே சான் ஃபெர்னாண்டோ நகரில், தடையை மீறி மொகரம் ஊர்வலம் போன இந்திய ஒப்பந்தக் கூலிகள் மீது காவலர்கள் சுட்டதில் பலர் மாண்டார்கள். 1845இலிருந்து அந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட கூலிகளில் பெரும்பான்மையோர் கல்கத்தா வழியாக வந்தவர்கள்; மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் அவர்களிடையே இருந்தார்கள். ஆப்பிரிக்கரின் பறையும் இந்தியரின் தாசா மேளமும் ஒரே ஆண்டில், ஒரே ஆட்சியின் அச்சத்துக்கு இலக்காயின. இந்த ஒப்புமையை அழுத்திச் சொல்லக் காரணம், பின்னால் ஸ்டீல்பானின் வரலாற்றில் இவ்விரு மக்களும் மறுபடி சந்திக்கிறார்கள் என்பதே.

தோல் பறை அடங்கிய இடத்தில் மூங்கில் வந்தது. ஆளுயரத்தை நெருங்கும் தடித்த மூங்கிலைத் தரையில் இடித்து அடிநாதம் எழுப்பினார்கள். ஓரடி நீளத் துண்டுகள் இரண்டை முனையோடு முனை தட்டி இடைநாதம் எழுப்பினார்கள். மெல்லிய மூங்கிலைக் குச்சியால் அடித்து, அவற்றின் மேல் வேகமான அடிகளைப் போட்டார்கள். தாம்பு பாம்பு என்றழைக்கப்பட்ட இந்த மூங்கில் குழுக்கள்தான் இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது, நாற்பது ஆண்டுகளில் வேட அணிகளுக்கு மேளமாக இருந்தன. ஒவ்வோர் அளவு மூங்கிலுக்கும் ஒரு வேலை, எல்லாம் சேர்ந்தால் ஒரு தாளம் என்ற அமைப்பை அவை பழக்கின. பிற்காலத்து இரும்புக் குழு இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டது.

மூங்கில் இடிக்க இடிக்கப் பிளந்துவிடும். இரவு முழுவதும் ஆடும் கூட்டத்துக்கு அது தாங்காது, ஓசையும் போதாது. ஆகவே பிஸ்கட் டின், வண்ணப்பூச்சு டப்பா, குப்பைத் தொட்டி மூடி, பழைய காரின் பிரேக் டிரம் என்று கைக்குக் கிடைத்த உலோகமெல்லாம் குழுவுக்குள் நுழைந்தது. இந்த இடத்தில் வேடத்தின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. உடம்பெல்லாம் கரும்புப் பாகோ தாரோ பூசிக்கொண்டு, வாலும் கொம்பும் சங்கிலியுமாகக் காசு கேட்டு மிரட்டும் ஜாப் மொலாசி என்ற பேய் வேடத்துக்கு, கூட வருபவர் தகர டின்னைத் தட்டுவதே வழக்கம். தகரத்தின் காட்டு ஓசை தெருவில் முதலிலேயே இருந்தது. அதைக் குழுவாக்கியதுதான் புதுமை. 1930களின் பிற்பகுதியில் நியூடவுன் பேட்டையிலிருந்து அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட் என்ற குழு மூங்கிலைக் கைவிட்டு முழுக்க உலோகத்தோடு தெருவுக்கு வந்ததாகப் பலர் சொல்வார்கள். வேறு பேட்டைக்காரர்கள் அதை மறுப்பார்கள்.

போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, கார்னிவல் தடை செய்யப்பட்டிருந்தது. தடை தெருவுக்குத்தான், முற்றங்களுக்குள் இளைஞர்கள் தகரத்தைத் தட்டி, குழிந்த இடம் ஒரு சுரமும் மேடான இடம் வேறொரு சுரமும் தருவதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். 1945 மே மாதம் ஐரோப்பியப் போர் முடிந்த செய்தி வந்ததும் அவர்கள் தெருவில் இறங்கியபோது, நகரம் அதற்கு முன் கேட்டிராத ஓசையைக் கேட்டது. 1946 கார்னிவலில், லாவன்டிலின் ஜான் ஜான் பகுதியைச் சேர்ந்த வின்ஸ்டன் ஸ்ப்ரீ சைமன் ஒரு சிறு டப்பாவில் அடையாளம் தெரியும் மெட்டுகளையே வாசித்துக் காட்டினார். ஹெல் யார்டு முற்றத்து நெவில் ஜூல்ஸ் அடிச்சுர வாத்தியங்களை உருவாக்கினார். வுட்புரூக்கின் எல்லி மானெட், மேல்நோக்கிப் புடைத்திருந்த வாத்திய முகத்தை உள்நோக்கிக் குழிவாக அடித்து இறக்கினார்; 55 காலன் எண்ணெய்ப் பீப்பாயைப் பயன்படுத்தியதும், குச்சியின் நுனியில் ரப்பர் சுற்றியதும் அவர் பெயரில் சொல்லப்படுகின்றன. எண்ணெய் எடுக்கும் தீவில், அமெரிக்கப் படைத்தளம் இருந்த காலத்தில், அத்தகைய பீப்பாய்களுக்குப் பஞ்சமில்லை. யார் முதலில் செய்தது என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. தீர வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை. கிழக்கே ஒருவர் நான்கு சுரம் வைத்தால் மேற்கே இன்னொருவர் ஐந்து வைக்காமல் உறங்கமாட்டார். இந்த வைராக்கியம் இல்லாவிட்டால், ஏழெட்டு ஆண்டுகளுக்குள் ஒரு தகர டப்பா முழு இசைக்கருவியாக மாறியிருக்காது.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பீப்பாயைத் தட்டினால் சுரம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். பீப்பாயின் அடிப்பக்கத் தகட்டைச் சம்மட்டியால் வட்டம் வட்டமாக அடித்துக் குழிவாக இறக்குவார்கள். மிக உயர்ந்த சுரங்களைத் தரும் டெனர் வகைக்குக் குழிவு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் ஆழம் போகும். அதற்குள் தகடு கிழிந்துவிடக் கூடாது. ஒரே சீராக மெலியவும் வேண்டும். பிறகு சுரங்களின் எல்லைகளை வரைந்து, முனை மழுங்கிய உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி, ஒரு சுரத்தின் அதிர்வு அடுத்ததற்குள் ஓடாதபடி பிரிப்பார்கள். பீப்பாயின் பக்கச் சுவரைத் தேவையான உயரத்துக்கு வெட்டுவார்கள். டெனருக்கு அது குட்டையாகவும், அடிச்சுர வகைக்குப் பீப்பாயின் முழு உயரமாகவும் இருக்கும். நெருப்பில் காட்டி ஆறவைத்த பின்னரே சுருதி சேர்க்கும் வேலை தொடங்குகிறது. சிறு சுத்தியலால் கீழிருந்தும் மேலிருந்தும் தட்டித் தட்டி, ஒரே சுரப் பகுதியில் அடிப்படைச் சுரத்தையும் அதன் மேல்ஸ்தாயிச் சுரத்தையும் அதற்கும் மேலான இன்னொரு துணைச் சுரத்தையும் இசைந்து ஒலிக்க வைப்பதே தேர்ந்த சுருதிக்காரரின் திறமை. ஸ்டீல்பானின் அந்த மணியோசை கலந்த மினுமினுப்பு இதனால்தான் வருகிறது. லாவன்டிலில் ஹைலேண்டர்ஸ் குழுவை நடத்திய பெர்ட்டி மார்ஷல் இந்தத் துணைச் சுரங்களைத் திட்டமிட்டுச் சேர்த்தவர்களில் முதன்மையானவர். இரண்டு பீப்பாய்கள் கொண்ட இரட்டை டெனரும் அவருடைய கொடை.

சுரங்களை முகத்தில் எந்த வரிசையில் வைப்பது என்பதில் பல ஆண்டுகள் ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு வழியில் போயின. செயின்ட் ஜேம்ஸ் பேட்டையின் நார்த் ஸ்டார்ஸ் குழுத் தலைவர் அந்தோணி வில்லியம்ஸ், சிலந்தி வலை என்று பெயர் பெற்ற அமைப்பை உருவாக்கினார். கர்நாடக இசை அறிந்தவர்களுக்கு அதை எளிதில் சொல்லலாம்: ஒரு சுரத்தை ஷட்ஜமமாகக் கொண்டால் அதன் ஒரு பக்கத்தில் பஞ்சமமும் மறு பக்கத்தில் சுத்த மத்தியமமும் அமர்ந்திருக்கும். இப்படியே சுற்றி வந்தால் பன்னிரண்டு சுரங்களும் வெளிவட்டத்தில் முடிந்து, உள்வட்டத்தில் அவற்றின் மேல்ஸ்தாயிச் சுரங்கள் நேருக்கு நேர் நிற்கும். பக்கத்தில் இருப்பவை ஒன்றுக்கொன்று உறவான சுரங்கள் என்பதால், ஒன்றை அடிக்கும்போது மற்றது அனுதாபமாக அதிர்ந்தாலும் காதுக்கு இனிமையே கெடாது. இன்று டெனருக்கு இதுவே பெருவழக்கு. டெனரில் 29 சுரங்கள் வரை இருக்கும். கீழே இறங்க இறங்கச் சுரப் பகுதி பெரிதாகிக்கொண்டே போவதால் ஒரே பீப்பாய் போதாது. செலோ என்ற தாழ்ந்த சுர வகைக்கு மூன்று பீப்பாய்கள், அடிச்சுரத்துக்கு ஆறு அல்லது ஒன்பது முழுப் பீப்பாய்கள் என்று அடுக்கி, நடுவில் நின்று சுழன்று வாசிக்கிறார் ஒருவர். ஆறு பீப்பாய் அடிச்சுரத்தில் பீப்பாய்க்கு மூன்றே சுரம்.

அந்நாளைய குழுக்கள் தங்கள் பெயர்களைப் பெரும்பாலும் போர்ப் படங்களிலிருந்தும் போர்ச் செய்திகளிலிருந்தும் எடுத்தன. இன்வேடர்ஸ், டெஸ்பெராடோஸ், ரெனகேட்ஸ், காசாபிளாங்கா, டோக்கியோ என்ற பெயர்களே போதும். குழுவைச் சேர்ந்தவன் என்றால் குற்றவாளி என்று நகரம் நினைத்தது. பெற்றோர் தங்கள் மகன்களை அடித்து விலக்கினார்கள். மகள்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கார்னிவல் நாளில் இரண்டு குழுக்கள் ஒரே முச்சந்திக்கு வந்தால் கத்தியும் புட்டியும் பறக்கும். 1950 கார்னிவலில் இன்வேடர்ஸ் குழுவுக்கும் டோக்கியோ குழுவுக்கும் நடந்த மோதல் இன்னும் பேசப்படுகிறது. அதே சமயத்தில் எதிர்ப்புறத்திலிருந்து கைகளும் நீண்டன. நாட்டியக் கலைஞர் பெரில் மக்பர்னி வுட்புரூக்கிலிருந்த தம் லிட்டில் கரீப் அரங்கில் இன்வேடர்ஸ் குழுவுக்கு மேடை கொடுத்தார். 1949இல் ஸ்டீல்பான் குழுக்களைப் பற்றி ஆராய அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது; 1950இல் ஸ்டீல்பான் குழுக்களின் சங்கம் உருவானது. 1951இல் லண்டனில் நடந்த பிரிட்டன் விழாவுக்கு, போட்டிக் குழுக்களிலிருந்து ஆட்களைப் பொறுக்கி, டாஸ்போ என்ற கூட்டுக் குழுவை அனுப்பினார்கள். பார்படோஸில் பிறந்த, காவல்துறை இசைக்குழு அனுபவம் உடைய லெப்டினன்ட் ஜோசப் கிரிஃபித் அதற்குத் தலைமை தாங்கி, எல்லா வாத்தியங்களிலும் பன்னிரண்டு சுரங்களும் முழுமையாக இருந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினார். ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருந்த நுட்பங்கள் அந்தப் பயிற்சியில் பகிரப்பட்டன என்பதே டாஸ்போவின் பெரிய பயன் என்று நான் கருதுகிறேன். ஏறக்குறைய அதே காலத்தில் ஹேசல் ஹென்லி என்ற ஆசிரியை, நடுத்தர வர்க்கப் பெண்களைக் கொண்டு கேர்ள் பாட் என்ற குழுவைத் தொடங்கினார். இன்று குழுக்களில் பெண்கள் சரிபாதி அளவுக்கு நிற்பதைப் பார்க்கும்போது, அந்தத் துணிச்சலின் அளவு புரியும்.

இனி வேடம். தனி ஆளாகக் கட்டும் வேடங்கள் ஒரு வகை. பெரிய விளிம்புத் தொப்பியும் போர்வையும் விசிலுமாக வந்து, உலகையே நடுங்க வைக்கும் தன் பிறப்பையும் பராக்கிரமத்தையும் நீண்ட வசனமாக முழங்கி, எதிரே நிற்பவரிடம் காசு கேட்பவர் நள்ளிரவுக் கொள்ளைக்காரர். கந்தல் துணிப் பட்டைகளை உடம்பெல்லாம் தொங்கவிட்டு, பெரிய சொற்களை எழுத்துக் கூட்டிக் கதையாக அவிழ்த்துக் காட்டும் பண்டிதக் கோமாளி பியரோ கிரெனேட். இடுப்பைச் சுற்றிக் கழுதையின் உடலைக் கட்டிக்கொண்டு ஆடும் பரோக்கீட்டைப் பார்க்கும் தமிழர் எவரும் பொய்க்கால் குதிரையை நினைக்காமல் இருக்க முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கட்டைக்கால் ஆட்டமான மோகோ ஜம்பி ஒரு காலத்தில் அருகிப்போய், கோகரைட் பகுதியில் இளைஞர்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்த பள்ளியின் மூலம் மறுபடியும் தழைத்தது. வடக்கு மலையின் பாராமின் ஊரில் நீலம் பூசிய பேய்கள் கார்னிவல் திங்கள் மாலையில் இறங்கி வரும்போது, அவற்றுக்குத் தாளம் இன்றும் தகர டின்தான்.

கூட்டமாகக் கட்டும் வேடம் இன்னொரு வகை. ஸ்டீல்பானோடு உடன்பிறப்பாக வளர்ந்தது அதுவே. துறைமுகத்துக்கு வந்த அமெரிக்கக் கடற்படை மாலுமிகளைப் பார்த்து வெள்ளை உடை, பவுடர், தள்ளாடும் நடை என்று உருவான மாலுமி வேடம், குழுக்காரர்களுக்கு ஏற்றதாக இருந்தது. துணி மலிவு, கை கால்களுக்குத் தடையில்லை, வாத்தியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். கப்பலின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போடுபவனின் அசைவுகளைக் கொண்ட நடனம், காகிதக்கூழில் விலங்குத் தலைகளும் விமானங்களும் செய்து தலையில் ஏற்றும் அலங்கார மாலுமி என்று அது கிளைத்தது. 1950களிலும் 60களிலும் ஒரு பேட்டையின் ஸ்டீல்பான் குழு என்றால், தெருவில் அதுவே வேட அணியும் ஆகும். வாசிப்பவரும் வேடங்கட்டியவரும் தள்ளுவண்டியைத் தள்ளுபவரும் ஒரே முற்றத்தைச் சேர்ந்தவர்கள். டூக் தெருவின் ட்ரினிடாட் ஆல் ஸ்டார்ஸ் இன்றுவரை மாலுமி வேடத்தை விடாமல் தன் இசையோடு தெருவில் கொண்டுவருகிறது. கார்னிவல் திங்கள் விடியற்காலையில், அதுவரை யாருக்கும் தெரியாமல் பயின்ற மேற்கத்தியச் செவ்வியல் இசைத் துண்டை, தீவின் பாட்டு வகையான கலிப்சோவின் தாளத்தில் திடீரென்று வெளியிட்டு மற்றக் குழுக்களைத் திகைக்க வைக்கும் வழக்கத்திலும் ஆல் ஸ்டார்ஸ்தான் பெயர் பெற்றது. அந்தத் துண்டுக்கு அவர்கள் வைத்த பெயர் வெடிகுண்டு.

பெரிய வேட அணிகளின் கலை வேறு திசையில் உயர்ந்தது. கம்பி வளைப்பவர், காகிதக்கூழ் வார்ப்பவர், செம்புத் தகட்டில் உருவம் தட்டுபவர், தையற்காரர் ஆகியோர் மாதக் கணக்கில் வேடக் கூடங்களில் உழைத்தார்கள். அடிமைத்தனத்தின் வழியாக மட்டுமே ஆப்பிரிக்காவை அறிந்திருந்த நகரத்துக்கு, ஜார்ஜ் பெய்லி 1957இல் ஆப்பிரிக்காவுக்குத் திரும்புதல் என்ற அணியின் மூலம் அதன் அரசர்களையும் வீரர்களையும் கம்பீரமான உடைகளில் காட்டினார். அதுவரை காட்டுமிராண்டி வேடமாக மட்டும் கட்டப்பட்ட கண்டம் அன்று தலைநிமிர்ந்து நடந்தது. 1983இல் பீட்டர் மின்ஷல் நதி என்ற அணியை இறக்கினார். முதல் நாள் வெள்ளை உடுத்திய பெருங்கூட்டம் ஆறாக ஓடியது. ஆசையும் இயந்திரமும் கலந்த நண்டு மனிதன், தூய்மையின் உருவமான சலவைக்காரியை வென்றதும், மறுநாள் அதே மக்கள் சாயத்தைத் தங்கள் மேல் ஊற்றிக்கொண்டு மாசடைந்த நீராக மாறினார்கள். உடை அழகாக இருந்தால் போதும் என்றிருந்த விழாவில், கெடுவதையே காட்சியாக வைக்கும் துணிவை நான் வேறெங்கும் கண்டதில்லை. பின்னர் பார்சிலோனா, அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாக்களில் பணியாற்றியவரும் இவரே.

இவ்வளவு நெருக்கமாக இருந்தவை பிரிந்த காரணத்துக்கு வருகிறேன். 1962இல் நாடு விடுதலை பெற்றது. பிரதமர் எரிக் வில்லியம்ஸ் குழுக்களுக்கு நிறுவனங்கள் ஆதரவு கொடுக்கும்படி ஊக்குவித்தார். எண்ணெய் நிறுவனமும் விமான நிறுவனமும் புகையிலை நிறுவனமும் தங்கள் பெயரைக் குழுவின் பெயருக்கு முன் ஒட்டிக்கொண்டு, வாத்தியங்களுக்கும் சுருதிக்காரருக்கும் பணம் கொடுத்தன. தெருச் சண்டை ஓய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1963இல் குயின்ஸ் பார்க் சவானா திடலில் பனோரமா என்ற போட்டி தொடங்கியது. அந்தோணி வில்லியம்ஸின் நார்த் ஸ்டார்ஸ் முதல் இரண்டு ஆண்டுகளும் வென்றது. தெருவில் மோதிய பகை மேடைக்கு ஏறியது. இசையும் அதற்கேற்ப மாறியது. ஓர் ஆண்டின் கலிப்சோப் பாட்டை எடுத்து, எட்டு நிமிட அளவுக்கு முன்னுரை, சுருதி மாற்றம், எதிர்மெட்டு, உச்சம் என்று விரிக்கும் ஒரு வடிவம் உருவானது. பெரிய குழுவில் 120 பேர் வரை நிற்கலாம். அத்தனை பேரும் அத்தனை பீப்பாய்களும் சக்கர மேடைகளில் ஏறி நிற்க, திடலுக்கு இழுத்து வந்து வாசித்து முடிப்பதே ஒரு படையெடுப்பு. இறுதிப் போட்டி கார்னிவலுக்கு முந்தைய சனிக்கிழமை. ஆண்டு முழுவதற்குமான உழைப்பு அந்த எட்டு நிமிடத்தில் செலவாகிவிட்டபின், திங்களும் செவ்வாயும் வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவில் வாசிக்க யாரிடம் வலு இருக்கும்?

அந்த இடைவெளியில் ஒலிபெருக்கி நுழைந்தது. 1970களில் மின்பெருக்கிகளோடு ஊதுகுழல் இசைக்குழுக்கள் லாரியில் ஏறின. பிறகு பாட்டுத்தட்டு போடுபவர்கள் ஏறினார்கள். மின்சாரம் இல்லாத வாத்தியம் அந்த லாரியின் பக்கத்தில் நின்றால் வாசிப்பவருக்கே தன் சுரம் கேட்காது. வேட அணிகளும் மாறின. கயிறு கட்டிப் பாதுகாத்த எல்லைக்குள், குடியும் உணவும் சேர்த்துக் கட்டணம் செலுத்தி, மணியும் இறகும் தைத்த நீச்சலுடையில் ஆடும் அணிகளே இன்று பெரும்பான்மை. அவற்றில் சேர்பவர்களில் மிகப் பெரும் பகுதி பெண்கள். இதை வெறும் சீரழிவு என்று பழிக்கும் பெரியவர்களோடு நான் முழுமையாக உடன்படவில்லை; வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் கட்டுப்பட்ட பெண்கள் இரண்டு நாட்கள் தெருவைத் தங்களுடையதாக்கிக்கொள்வதில் பழைய முற்றத்துப் பெண்களின் வீறு இருக்கிறது. ஆனால் கம்பி வளைக்கும் கைகளுக்கு வேலை குறைந்ததும், உடைகள் வெளிநாட்டுத் தொழிற்சாலையில் தைக்கப்பட்டு வருவதும், ஒரே பேட்டையார் இசையும் வேடமுமாகச் சேர்ந்து நடந்த பழக்கம் அருகியதும் பெரிய இழப்பு. குற்றம் லாரியின் மேல் மட்டும் இல்லை. பனோரமா ஸ்டீல்பானின் உயரத்தைக் கூட்டியது. அதுவே தெருவிலிருந்து அதைப் பெயர்த்தும் எடுத்தது.

பேட்டைக்கும் குழுவுக்கும் இடையிலான பிணைப்பு மட்டும் முறியவில்லை. அதன் இருப்பிடம் பான் யார்டு என்ற பயிற்சி முற்றம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அங்கே விளக்குகள் எரியத் தொடங்கும். இசையமைப்பாளர் தாளில் எழுதிக் கொடுப்பது குறைவு. ஒவ்வொரு பிரிவுக்கும் போய், நான்கு நான்கு சுரமாக வாசித்துக் காட்டி, காதாலும் கையாலும் ஏற்றுகிறார். பிரிவுத் தலைவர் அதைத் தம் ஆட்களுக்குத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார். பகலில் வங்கியிலோ துறைமுகத்திலோ வேலை பார்ப்பவரும் பள்ளி மாணவியும் ஓய்வு பெற்றவரும் ஒரே வரிசையில் நின்று, எட்டு நிமிட இசை முழுவதையும் மனப்பாடமாக்குகிறார்கள். இயந்திர அறை என்று அவர்கள் அழைக்கும் தாளப் பிரிவில் பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் அடிப்பவர் தவறினால் குழு முழுவதும் சாயும். லாவன்டில் குன்றின் டெஸ்பெராடோஸ் குழுவை நடத்திய ருடால்ஃப் சார்லஸ் 1985இல் இறந்தபோது, ஒரு பேட்டையே தன் தலைவரை இழந்ததாக அழுதது. குழுத் தலைவர் அங்கே வேலை தேடிக் கொடுப்பவர், சண்டை தீர்ப்பவர், பையன்களைத் துப்பாக்கியிலிருந்து விலக்கி வைப்பவர். வன்முறையால் சிதைந்த ஒரு குன்றில் இது சிறிய பொறுப்பில்லை.

இந்தியரோடு நேர்ந்த சந்திப்பை மேலே குறிப்பிட்டேன். மேற்குப் பேட்டையான செயின்ட் ஜேம்ஸில் டெல்லித் தெருவும் பாட்னா தெருவும் இருக்கின்றன. அங்கே ஆண்டுதோறும் நடக்கும் மொகரம் ஊர்வலமான ஹொசேயில், எல்லா இனத்தவரும் தாசா மேளத்தோடு நடக்கிறார்கள். தாசாவும் ஸ்டீல்பானும் ஒரே தெருவைப் பகிர்ந்தவை. அதைவிட வலுவான சான்று ஜிட் சமரூ. லோபினோ பள்ளத்தாக்கின் ஏழை இந்தியக் குடும்பத்தில் 1950இல் பிறந்து, தம் உடன்பிறந்தவர்களைக் கொண்டே சமரூ ஜெட்ஸ் என்ற குழுவை நடத்திய அவர், சார்லட் தெருவின் ரெனகேட்ஸ் குழுவுக்கு இசையமைப்பாளராகப் போனார். நகரம் அஞ்சி ஒதுங்கிய பெயரைச் சுமந்திருந்த ஆப்பிரிக்கப் பேட்டைக் குழு அது. கூச்ச சுபாவமுடைய அந்த இந்தியர் அதற்கு 1982இலிருந்து 1997 வரை ஒன்பது பனோரமா வெற்றிகளைப் பெற்றுத் தந்தார். கடைசி மூன்றும் தொடர்ச்சியானவை. அரசியலில் இரு இனங்களும் எதிரெதிராக நின்ற ஆண்டுகளில்தான் இது நடந்தது. மின்னல் வேகத்தில் ஓடும் அவருடைய சுரக்கோவைகளை இன்றும் இளம் இசையமைப்பாளர்கள் படித்துப் பார்க்கிறார்கள்.

குடியேறிய நகரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். டாஸ்போவோடு சென்ற ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் லண்டனிலேயே தங்கினார். 1966இல் நாட்டிங் ஹில் பகுதியில் நடந்த தெரு விழாவில், ரசல் ஹெண்டர்சனின் சிறிய ஸ்டீல்பான் குழு திட்டமில்லாமல் நடக்கத் தொடங்க, மக்கள் பின்னால் சேர்ந்து நடந்ததே அங்குள்ள கார்னிவல் ஊர்வலத்தின் தொடக்கங்களில் ஒன்று. நியூயார்க்கின் புரூக்ளினிலும் கனடாவின் டொரான்டோவிலும் அப்படியே வேர் பிடித்தது.

அரசு மரியாதைகள் தாமதமாகவே வந்தன. 1992இல் ஸ்டீல்பான் தேசிய வாத்தியமாக அறிவிக்கப்பட்டது. 2023இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பான் நாளாக ஏற்றது. 2025 தொடக்கத்தில், நாட்டின் சின்னத்திலிருந்து கொலம்பஸின் மூன்று கப்பல்களை நீக்கி அந்த இடத்தில் ஸ்டீல்பானை வைக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மரியாதைகள் தேவைதான். ஆனால் பேட்டைகளில் முற்றத்துக்கு நிலையான பட்டா, சுருதிக்காரரின் கலையைக் கற்க முன்வரும் இளைஞருக்குக் கூலி, தெருவில் ஸ்டீல்பானுக்கென ஒலிபெருக்கி இல்லாத நேரம் ஆகிய மூன்றும் கிடைத்தால், சின்னத்தில் பொறித்ததை விடப் பெரிய காரியமாக இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

நேரில் கேட்க விரும்புகிறவர் கார்னிவல் இரண்டு நாளுக்கு மட்டும் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். இரண்டு, மூன்று வாரம் முன்னதாகப் போய், மாலை ஏழு மணிக்கு மேல் டூக் தெருவிலோ சார்லட் தெருவிலோ முற்றத்தின் ஓரத்தில் நின்றால், ஒரே நான்கு அடிகளை நூறு முறை பழகுவதைக் கேட்கலாம். பனோரமா அன்று அரங்கின் இருக்கையைவிட, குழுக்கள் வரிசையில் காத்து நிற்கும் திடலின் வெளிப்பாதை நல்லது; ஏறும் முன் கடைசி முறையாக வாசித்துப் பார்க்கும்போது, பீப்பாய்களுக்கு நடுவே நின்று கேட்க அங்கே யாரும் தடுப்பதில்லை. திங்கள் விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கும் ஜூவே என்ற தெரு ஊர்வலத்துக்கு, திரும்பி அணிய வேண்டாத பழைய உடையில் போங்கள். சேறும் எண்ணெயும் வண்ணமும் பூசிய அந்தக் கூட்டத்தில் எங்காவது ஒரு ஸ்டீல்பான் குழு லாரி இல்லாமல், ஆட்கள் தள்ள, நடந்து வரும். அதன் பின்னால் நடந்தால், இங்கே நான் எழுதியவற்றில் பாதியைப் படிக்காமலேயே தெரிந்துகொள்ளலாம்.